ஒன்பதாம் பேட்டி

பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், கூரையெல்லாம் தண்ணீர்க் குழாய்கள் ஓடும் ஓர் அறையில் அவள் வேலை பார்த்தாள். அலமாரிகளில் தூங்கிக்கொண்டிருந்த பழைய ஆய்வேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவது அவள் வேலை. மாணவர்கள் அவளை ஸ்கேனர் அக்கா என்றார்கள். அவளைவிட மூத்த பேராசிரியர்களுக்கும் அவள் அக்காதான்.

அக்காவுக்கு வாய்க்கு முன்னால் கை முந்தும். அவள் பிறந்த வீட்டில் எல்லாரும் அடித்துக்கொண்டார்கள். அப்பா அம்மாவை அடிப்பார், அம்மா பிள்ளைகளை அடிப்பாள், அண்ணன் தங்கைகளை அடிப்பான். அப்பா செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு யார் முதுகு என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். வயசுக்கு வந்த புதிதில், ஓங்கிய அண்ணன் கையை அவள் பிடித்து முறுக்கினாள். தோள்மூட்டு கழன்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவளைத் தொடவில்லை. பிறகு ஒரு விருந்தில் தங்கையின் கணவன் தங்கையை அறைந்தபோது, அக்கா கையிலிருந்த தட்டாலேயே அவன் முகத்தில் போட்டாள். அவனுக்கு முன்பல் போனது.

அவள் கணவர் பஸ் கண்டக்டர். நாளெல்லாம் கத்திவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அவர் குரலே எழும்பாது. “உன்கிட்ட சண்டை போட்டு யாரு ஆஸ்பத்திரிக்கு அலையறது?” என்று சிரிப்பார். மகள் மட்டும் சிரிக்க மாட்டாள். அம்மாவின் கை எவ்வளவு தூரம் எட்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

நூலகம் அப்போது வேகமாக மாறிக்கொண்டிருந்தது. ஆய்விதழ்கள் தாளில் வருவது நின்று, எல்லாம் திரையில் வந்தன. மேல் மாடிகளில் அலமாரிகளைக் கழற்றிவிட்டு சோபாக்களையும் சார்ஜ் போடும் மேசைகளையும் போட்டார்கள். பல்கலைக்கழகம் தந்த ஆய்வேடுகளை உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். எத்தனை பேர் இறக்கிப் படிக்கிறார்கள் என்பது பல்கலைக்கழகத்தின் தரவரிசைக்கு உதவும். அதனால் தலைமை நூலகர் நுழைவுக்கூடத்தில் பெரிய திரை ஒன்றை மாட்டி, இந்த மாதம் அதிகம் படிக்கப்பட்ட ஆய்வேடு எது என்று அதில் ஓடவிட்டார்.

அந்த மாதம் முதலிடத்துக்கு வந்தது, குடும்ப வன்முறை பற்றிய ஒரு சமூகவியல் ஆய்வேடு. அக்காவின் மகள் பள்ளியில் சேர்வதற்கு முன்பே எழுதப்பட்டது. ஒருவரும் தொடாமல் அலமாரியிலேயே கிடந்தது. எழுதிய மாணவி இப்போது வெளிநாட்டில் பேராசிரியர். அக்காதான் அதை ஏற்றினாள். ஆனால் படிக்கவில்லை. ஏற்றுவதையெல்லாம் படிக்க உட்கார்ந்தால் ஓய்வு பெறும்வரை ஓர் அலமாரி தாண்டாது.

“சார், திடீர்னு இதை யாரு இவ்ளோ பேர் படிக்கறாங்க?” என்று அவள் கேட்டாள்.

“உலகம் படிக்குதும்மா, உலகம்!” என்றார் தலைமை நூலகர். ஆசிரியர் கூட்டத்தில் அதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினார்.

உலகம் படிக்கவில்லை. ஒரு தெரு படித்துக்கொண்டிருந்தது.

அது தெரிந்தது ஒரு மத்தியானம். ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கி அக்காவின் அறைக்கு வந்தாள். முகத்தின் ஒரு பக்கம் வீங்கிக் கறுத்திருந்தது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் வாயைத் திறக்காமல் பல்லிடுக்கில் பேசினாள். சீருடை தைக்கும் கூடத்தில் தையல்காரி.

“நீங்கதான் புக்கெல்லாம் நெட்ல போடறவங்களா?”

“ஆமாம்மா. உக்காருங்க. யாரு இப்படிப் பண்ணது?”

“நீங்கதான்,” என்றாள் தையல்காரி.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவள் கணவன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். தெருவில் பாதி வீட்டுக் கதவுகள் அவன் செய்தவை. தெருச் சங்கத்துக்கும் அவன்தான் தலைவர். தங்கமான மனுஷன் என்று பெயர். சங்கத்துக்கு இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கலாம் என்று அவன் கூடப்பிறந்தவளின் மகன் தெருவின் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறான். வந்து நின்றது இந்த ஆய்வேடு. அதில் ஒன்பதாம் பேட்டி. பெயர் இல்லை. ஆனால் தெருவின் பெயர் இருந்தது. தையல் வேலை என்று இருந்தது. கணவனுக்கு வெல்டிங் பட்டறை, மூன்று பெண் பிள்ளைகள், மூத்தவளுக்குக் காது கேட்காது என்று இருந்தது. அந்தத் தெருவில் அப்படி ஒரு வீடுதான்.

“அந்தப் புள்ள நோட்டும் கையுமா வந்தா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், லைப்ரரியில ஒரு மூலையில இருக்கும்னா. எனக்கும் யார்கிட்டயாவது கொட்டணும் போல இருந்துச்சு, கொட்டிட்டேன். இப்ப தெருவுல எல்லார் போன்லயும் இருக்கு. கடைக்குப் போனா என் தொடையைப் பாக்கறாங்க.”

“தொடையையா?”

“படிச்சுப் பாருங்க.”

அக்கா அவள் எதிரிலேயே திறந்து படித்தாள். ஆய்வு மாணவி, சொன்னது சொன்னபடியே எழுதியிருந்தாள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வாரம், பட்டறையிலிருந்து வந்தவன் கையில் வெல்டிங் குச்சி இருந்தது. முனை இன்னும் சிவப்பாகவே இருந்தது. ‘கத்தினா குழந்தை மேல வைப்பேன்னு சொன்னார். அதனால நான் கத்தல. தலையணையக் கடிச்சுக்கிட்டேன். பஞ்சு வாய்க்குள்ள வந்துடுச்சு.’ இரண்டு பக்கத்துக்கு அது போயிற்று. கதவு இடுக்கில் வைத்து நசுக்கிய விரல்கள். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிய தலை. பிறகு அவனே மருந்து வாங்கி வந்து தடவிவிட்டது.

அந்தப் பேட்டியைத் தெருவே கேட்கும்படி ஒருவன் டீக்கடையில் சத்தமாக வாசித்த அன்றைக்கு, வெல்டர் நேராக வீட்டுக்கு வந்தான். கதவைத் தாழ் போட்டான். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். “அந்தப் புள்ளகிட்ட சொன்னது எந்த வாய்?” என்று கேட்டுவிட்டு, தையல் மெஷினின் இரும்புத் தலையைத் தூக்கி அந்த வாயிலேயே அடித்தான்.

“எடுத்துடுங்க,” என்றாள் தையல்காரி. “அடுத்த தடவை மண்டைதான்.”

அக்கா அவளைக் கையோடு தலைமை நூலகரிடம் அழைத்துப் போனாள். அவர் அந்த முகத்தைப் பார்த்து எழுந்தே விட்டார். தண்ணீர் கொடுத்தார். ஆனால் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்ததும் நாற்காலியின் குரல்தான் வந்தது.

“ஒரு ஆய்வேட்டை நினைச்சா எடுக்கறது, நினைச்சா போடறதுன்னு இருக்க முடியாதும்மா. எழுதினவங்க சம்மதம் வேணும், மெயில் போடறேன். குழு கூடணும். அதுவும் இல்லாம, இணையத்துல போனது போனதுதான்.”

“குழு கூடறதுக்குள்ள இவங்களைப் பொதச்சிடுவாங்க சார்.”

“நீங்க உணர்ச்சிவசப்படறீங்க.”

அக்காவின் வலது கை மேசை மீதிருந்த கண்ணாடி உருண்டையை எடுத்துவிட்டது. எடுத்ததை அவளே பார்த்து, திரும்ப வைத்தாள். கீழே போய், யாரையும் கேட்காமல் அந்த ஆய்வேட்டை இணையத்திலிருந்து நீக்கினாள். மறுநாளே விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்தது. இப்படி ஏற்றப்படும் ஆய்வேடுகளைத் தானாகவே அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் தளங்கள் பல இருக்கின்றன. அவற்றிலும் அது கிடந்தது. அக்கா ஒவ்வொன்றுக்கும் எழுதிக் கெஞ்சினாள். சிலர் எடுத்தார்கள். சிலரிடமிருந்து, உங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் பதில் அனுப்பியது.

அந்த வாரமே வெல்டர் வந்தான்.

காலையில் நூலகம் திறந்த கையோடு வந்தான். தேய்த்த சட்டை, வாரிய தலை. மேலே இருந்தவர்களிடம் மரியாதையாகக் கேட்டான். அவர்களும் மரியாதையாகக் கீழே அனுப்பிவிட்டார்கள். அக்காவோடு வேலை செய்யும் பைண்டர் அண்ணன் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்.

“வணக்கம்மா. ஒரு ஆய்வேடு பாக்கணும்,” என்று ஆய்வேட்டின் பெயரைச் சொன்னான். முன்கையெல்லாம் பொறி பட்ட புள்ளித் தழும்புகள். அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது.

“அது இப்ப பார்வைக்கு இல்ல.”

“நெட்ல இருந்து எடுத்துட்டீங்க, பாத்தேன். ரொம்ப நன்றி. ஒரிஜினல் புத்தகம் ஒண்ணு இருக்குமே. அதைக் கொடுத்துட்டா நான் பாட்டுக்குப் போயிடுவேன்.”

“தர முடியாது.”

“என் வீட்டு விஷயம்மா அது.”

“நடந்தது உங்க வீட்டுல. சொன்னது நீங்க இல்லையே.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான், நியாயம்தான் என்பதுபோல. பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு சாண் இரும்புக் குழாயை உருவி, ஸ்கேனரின் கண்ணாடியில் இறக்கினான். கண்ணாடி அறை முழுக்கத் தெறித்தது. அடுத்த அடி ஸ்கேனரின் கேமராவில். மூன்றாவதை அக்கா இடது கையால் தடுத்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் அவள் முடியைச் சுருட்டிப் பிடித்து, அறை நடுவில் நின்ற வெட்டும் இயந்திரத்துக்கு இழுத்துப் போனான். கூடுதல் பிரதிகளின் முதுகை வெட்டித் தாள்தாளாகப் பிரிப்பதற்கான இயந்திரம் அது. தடித்த புத்தகத்தையும் ஒரே வெட்டில் அறுத்துவிடும்.

“எந்தக் கையால ஏத்துனே?” என்று கேட்டான். அப்போதும் அவன் குரல் உயரவில்லை. முறிந்த கையைக் கத்திக்கு அடியில் தள்ளித் தன் முட்டியால் அழுத்திக்கொண்டான்.

கைப்பிடியை இழுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. முடியை விட்டான், குழாயை மேசைமேல் வைத்தான். இழுத்தான். அக்கா உடம்பை முறுக்கிக் கையைப் பின்னால் இழுத்ததில் கை தப்பியது. சுண்டுவிரல் தப்பவில்லை. இரண்டாவது கணுவில் அது தனியாக விழுந்தது. வலி வருவதற்கு முன்னால் அவளுடைய வலது கை குழாயை எடுத்துவிட்டது.

முதல் அடி முழங்காலில். அவன் மடங்கினான். அடுத்தது முகத்தில். கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் சாய்ந்தவன், “போதும், போதும்மா,” என்றான். அக்காவுக்கு அது கேட்டது. கேட்டும் அடித்தாள். தோளில் அடித்தாள், விலாவில் அடித்தாள், முழங்காலிலேயே திரும்பத் திரும்ப அடித்தாள். ஓடி வந்த பைண்டர் அண்ணன் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, “விட்டுடும்மா, செத்துடப் போறான்!” என்று கத்தியபோது, முழங்கையால் அவர் மூக்கையும் உடைத்தாள்.

வெல்டர் சாகவில்லை. ஒரு கண் போனது. முழங்கால் தூளாகிப்போனது. அக்காவும் அதே ஆஸ்பத்திரியில், வேறு மாடியில் கிடந்தாள். விரலைப் பொருத்த முடியவில்லை. கண்ணாடித் தூளுக்கு நடுவே அதைத் தேடி எடுக்கவே நேரமாகிவிட்டதாம்.

இன்ஸ்பெக்டரம்மா கட்டில் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். புத்தகத் திருட்டுக்காக அறை மூலையில் வைத்திருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அதைச் செல்போனில் காட்டினாள்.

“முதல் அடி சரி. ரெண்டாவதும் சரி. கையை எடுத்துக் கும்பிடறான் பாருங்க. அதுக்கு மேல விழுந்ததெல்லாம் எதுக்கு?”

அக்கா பார்த்தாள். திரையில் ஒரு பெண், ரத்தம் சொட்டும் கையை ஆட்டிக்கொண்டு, கீழே கிடப்பவனைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கே அடிக்கலாம் என்று இடம் பார்த்து அடித்தாள். அப்பா அப்படித்தான் சுற்றி வருவார்.

“எதுக்குன்னு தெரியல மேடம்,” என்றாள். “நல்லா இருந்துச்சு. அது மட்டும் தெரியும்.”

“இதை நான் எழுதிக்கல,” என்று இன்ஸ்பெக்டரம்மா எழுந்து போனாள்.

தலைமை நூலகர் பழக்கூடையோடு வந்தார். ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, “குழு கூடிடுச்சும்மா. அந்த ஆய்வேட்டை எடுக்கறதுன்னு ஏகமனதா முடிவு,” என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடி கிழித்த உதட்டில் தையல் இழுத்து ரத்தம் கசிந்தது. அவர் கைக்குட்டையை நீட்டினார். 

தையல்காரியும் வந்தாள். தாடைக் கம்பியை எடுத்திருந்தார்கள். அவள் நன்றி சொல்ல வரவில்லை.

“உங்களை யாரு அடிக்கச் சொன்னா? புக்கை எடுங்கன்னுதானே கேட்டேன்? இப்ப அவரைக் கக்கூஸுக்குத் தூக்கிட்டுப் போறது யாரு? நான்தான். மேல மாடியில அவரு, கீழ மாடியில நீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் படியேறிச் சாகறேன்.”

  பிறகு தையல்காரி அக்காவின் கட்டுப்போட்ட கையைத் தூக்கித் தலையணை மேல் சரியாக வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. அந்தக் கேமராப் பதிவை யாரோ வெளியே விட்டுவிட்டார்கள். ஸ்டேஷனிலிருந்தா நூலகத்திலிருந்தா என்று கடைசிவரை தெரியவில்லை. ஊர் முழுக்கப் போன்களில் அக்கா வெல்டரை அடித்துக்கொண்டே இருந்தாள். மாணவர்கள் பாட்டுப் போட்டு ஒட்டினார்கள். சிங்கம் என்றார்கள். வெறிபிடித்தவள் என்றும் எழுதினார்கள். மகளோடு படிக்கும் பிள்ளைகள் தினமும் அதை அவளிடம் நீட்டி, “உங்கம்மா வீட்டுலயும் இப்படித்தானா?” என்று கேட்டார்கள். மகள் கேட்டவளின் கன்னத்தில் ஒன்று விட்டுவிட்டு, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

“நானும் உன்னை மாதிரியே ஆயிட்டேன்,” என்றாள் அம்மாவிடம். அந்த ஒரு வார்த்தை, போன விரலைவிட அதிகமாக வலித்தது என்று அக்கா பிறகு தங்கையிடம் சொன்னாள்.

அக்கா கட்டோடு நூலகத்துக்குப் போய்த் தலைமை நூலகர் முன்னால் நின்றாள். “சார், அந்த வீடியோவை எடுக்கச் சொல்லுங்க. எங்க எழுதணுமோ எழுதுங்க.”

“எழுதறேம்மா. ஆனா இணையத்துல போனது...” என்று தொடங்கியவர், நிறுத்திக்கொண்டார். அந்தப் பேச்சு அவர் வாயிலேயே கசந்திருக்க வேண்டும். அன்றைக்கு முழுவதும் உட்கார்ந்து அவரே ஒவ்வொரு தளத்துக்கும் எழுதினார். இயந்திரங்கள் அவருக்கும் நன்றி சொன்னன.

வெல்டர் ஊன்றுகோலோடு வீடு திரும்பினான். வழக்கு முடியும்வரை ஜாமீன். தெருவில் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். தையல்காரி அவனுக்கு ஊட்டிவிட்டாள், துடைத்துவிட்டாள். ஒரு நாள் டீயில் சூடு போதவில்லை என்று ஊன்றுகோலை அவள்மேல் வீசினான். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாமல், அது மூத்த மகளின் நெற்றியைப் பிளந்தது. காது கேட்காத பெண், பின்னாலிருந்து வந்தது என்னவென்றே தெரியாமல் விழுந்தாள். தையல்காரி ஆஸ்பத்திரியில் மகளுக்குத் தையல் போட்டுக்கொண்டு திரும்பியதும், பட்டப்பகலில், மெஷின் தலையை ஒரு தள்ளுவண்டியில் வைத்து, மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு தெரு நடுவே நடந்து போய்விட்டாள். அவன் வாசலில் நின்று கத்தினான். வழிமறிக்க வந்த, அவன் கூடப்பிறந்தவளின் மகனிடம் கத்தரிக்கோலைக் காட்டினாள். அவன் ஒதுங்கினான்.

வெளிநாட்டிலிருந்த பேராசிரியர், எல்லாம் தெரிந்து வீடியோ அழைப்பில் திரையில் வந்தாள். நூலகத்தில் அக்காவின் பழைய அறையில்தான் அந்தப் பேச்சு நடந்தது. பேராசிரியர் தேம்பித் தேம்பி அழுதாள்.

“அழாதம்மா,” என்றாள் தையல்காரி. “நீ ஒண்ணும் தப்பா எழுதல. என் தெருப் பேரை மட்டும் எதுக்குப் போட்டே?”

“ஆய்வுல இடம் சொல்லணும்னு அப்ப நினைச்சேன்கா. யாரு படிக்கப் போறாங்கன்னு...”

“அது சரி. யாருமே படிக்க மாட்டாங்கன்னா எதுக்கு எழுதினே?”

பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெருவையும் குடும்ப விவரத்தையும் நீக்கிப் புதிய பிரதி ஒன்றைப் போடலாமா, சம்மதமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். தையல்காரி, முதலில் அதை வாசிக்கச் சொன்னாள். அக்கா வாசித்தாள். ஒரே இடத்தில்தான் தையல்காரி நிறுத்தினாள். “இடது தொடை இல்ல, வலது.” வாசித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அவரு செத்தப்புறம் போடுங்க. சீக்கிரம்தான் இருக்கும். பிரஷர் மாத்திரையெல்லாம் நான்தானே கொடுத்துட்டு இருந்தேன். இப்ப கொடுக்க ஆளில்ல.”

வழக்கில் வெல்டருக்குச் சிறை கிடைத்தது. கொலைமுயற்சி என்று நீதிமன்றம் சொன்னது. அக்கா தற்காத்துக்கொண்டது சரி, ஆனால் எல்லை மீறினாள் என்றும் சொன்னது. ஒழுங்காக இருக்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அவளை விட்டார்கள். சிறைக்குப் போகும் வேனில் அவனை ஏற்றும்போது அக்கா நீதிமன்ற வாசலில் நின்றாள். அவன் படியேற முடியாமல் தடுமாறினான். போலீஸ்காரர் தூக்கிவிட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நூலகம் அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. புதிய ஸ்கேனரில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்குக் கிடைத்தது வேறு வேலை. இனிமேல் எந்தப் பழைய ஆய்வேட்டையும், அதிலுள்ள பேட்டிகளை ஒருவர் முழுக்கப் படித்துப் பார்க்காமல் ஏற்றக்கூடாது. சொன்னவர் யாரென்று அடையாளம் தெரியுமென்றால், உயிரோடு இருக்கிறாரா என்று தேடிக் கேட்க வேண்டும். அந்த விதியை எழுதியவர் தலைமை நூலகர். படிக்கும் வேலை அக்காவுக்கு.

அவள் நாளெல்லாம் படித்தாள். வரப்புத் தகராறில் வெட்டப்பட்டவர்கள், கலவரத்தில் எரிந்த வீடுகள், ஆலை வாசலில் அடித்துக் கொல்லப்பட்டவர்கள். ஒவ்வொரு துறையின் அலமாரியிலும் ரத்தம் காய்ந்து கிடந்தது. சில நாள் பாதியில் மூடிவிட்டு, வெளியே வந்து சைக்கிள் நிறுத்தத்தில் நிற்பாள்.

கல்குவாரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றிய ஓர் ஆய்வேட்டில், தன் அண்ணனைப் பாறையிலிருந்து தள்ளிவிட்டதை நேரில் பார்த்த ஒருவரின் பேட்டி இருந்தது. பெயர் மறைத்திருந்தார்கள். ஆனால் தள்ளிய மேஸ்திரி யாரென்றும், சொன்னவர் யாரென்றும் அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடலாம். அலைந்து திரிந்து எண்ணைப் பிடித்து அக்கா பேசினாள். கிழவர் மறுமுனையில் இருமினார்.

“ஐயா, நீங்க முன்னாடி சொன்னது ஒரு புத்தகத்துல இருக்கு. அதை எல்லாரும் படிக்கற மாதிரி நெட்ல போடப் போறோம். உங்களுக்கு ஆபத்து வரும்னா அந்தப் பகுதியை மறைச்சிடுறோம்.”

“மறைக்கறதா? என் பேரு இருக்கா அதுல?”

“இல்லைங்கய்யா. மாத்திட்டாங்க.”

“என் பேரைப் போடும்மா. எங்கண்ணன் பேரையும் போடு. அந்த மேஸ்திரி இன்னும் உசுரோடதான் இருக்கான். பேரனுக்குக் கல்யாணம் வச்சிருக்கான். படிக்கட்டும்.”

“அவங்க உங்களை ஏதாவது பண்ணிட்டா?”

“பண்ணட்டுமே. நான் அருவாளைத் தீட்டி வச்சே ரொம்ப நாளாச்சு. அவன்தான் வரமாட்டேங்கறான்.”

அக்கா போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் சம்மதம் தெளிவாக இருந்தது. விதிப்படி பார்த்தால் ஏற்றிவிடலாம். ஏற்றினால் அந்த அருவாளுக்கு வேலை வந்துவிடும். திரையில் இரண்டு பொத்தான்கள், ஏற்று என்றும் நிறுத்தி வை என்றும்.

“என்னம்மா, இருக்கியா?” என்றார் கிழவர். “எப்ப வரும்?”

“யோசிச்சுச் சொல்றேங்கய்யா,” என்றாள் அக்கா. நிறுத்தி வை என்பதை அழுத்திவிட்டு, அவர் அண்ணனின் பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள்.